டாஷைக் கழற்றிய காலை

வெலிஸார் தோன்செவை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இருபத்திரண்டு வருடம் அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான். விதின் ஊரில் எங்கள் பஸ் கம்பெனியின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொண்டது அவர். டிக்கெட் கவுன்ட்டர் பெண்களின் புலம்பலைக் கேட்டது நான். காலையில் எண்ணெய் ஒழுகும் பனிட்சா என்ற சீஸ் அடையைக் கீபோர்டு மேல் வைத்துத் தின்பார். வணக்கம் சொன்னால் உறுமுவார்.

சர்வர்களோ பழைய தகரங்கள். ஒருநாள் யாரையும் கேட்காமல் அவற்றில் டாஷை ஏற்றினார். அது ஒரு ஷெல். நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி இயந்திரத்திடம் சொல்லும் நிரல். முன்பிருந்தது தடி, இது ஒல்லி. நிரல்களை ஏற்றவும் கழற்றவும் உதவும் பேக்கேஜ் மேனேஜரில் ஒரு வரி அடித்தார், வந்து இறங்கியது. பிறகு எல்லோருடைய கணக்கிலும் உள்ளே நுழைந்ததும் டாஷ் திறக்கும்படி மாற்றினார். டிக்கெட் திரை பாதி நேரத்தில் வந்தது. ஆனால் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வராது, கிறுக்கல்தான் விழும். நான் கேட்டதற்கு, "அம்பு வேணும்னா வில்லோட போய் வேட்டையாடு, யோர்தான்கா" என்றார்.

எங்கள் தலைவன் ஸ்தமென் கெரோவ், முதலாளியின் மருமகன். அம்புக்குறி இல்லாமல் அவனுக்குக் கை ஓடாது. வெலிஸாருக்கு ஓய்வூதியத்துக்குப் பதினான்கு மாதம் பாக்கி என்பதும் அவனுக்குத் தெரியும். ஜனவரியில் ஒரு காலை, கவுன்ட்டர் திறக்கும் முன்பு, எங்கள் எல்லோர் முன்னாலும் கீபோர்டில் உட்கார்ந்தான்.

"யோவ், உன் வத்தல் ஷெல்லை இப்பத் தூக்கறேன், பாரு."

"தூக்கு. ஆனா முதல்ல எல்லார் கணக்கையும் பழைய ஷெல்லுக்கு மாத்து, அப்புறம் கழட்டு. வரிசை முக்கியம், தம்பி."

"எனக்கே பாடமா? மூடிட்டு உட்காரு!"

பேக்கேஜ் மேனேஜர் 'நிச்சயமா?' என்று கேட்டது. ஆம் என்று அடித்தான், டாஷ் போயிற்று. ஜம்பமாக வெளியேறி மறுபடி நுழையப் பார்த்தான். முடியவில்லை. கணக்கு டாஷைத் தேடியது, டாஷ்தான் இல்லையே. கீழே கவுன்ட்டர் பெண்கள் ஒருத்தியாலும் நுழைய முடியவில்லை. என் தொலைபேசி அலறியது. சோபியா பஸ்ஸுக்கு வந்தவர்கள் பனியில் நின்று திட்டினார்கள்.

வெலிஸாரின் திரை மட்டும் காலையிலிருந்தே திறந்திருந்தது. ஏற்கெனவே ஓடுகிற ஷெல் கழற்றினாலும் உடனே சாகாது.

"பார்த்துட்டு நிக்கிறியே, சரி பண்ணேன்யா!" என்று கத்தினான் கெரோவ்.

ஒரே வரியில் டாஷை மறுபடி ஏற்றினார் வெலிஸார். எல்லாக் கணக்கும் திறந்தது. அவர் முகத்தில் ஒரு ஏளனம் தெரிந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

யார் எதை எப்போது கழற்றினார்கள் என்று பேக்கேஜ் மேனேஜர் குறித்து வைத்திருக்கும். அங்கே கெரோவின் பெயர் இருந்தது.

"அந்த வரிய அழிச்சிடு."

"செஞ்சது நீ. நான் எதுக்கு அழிக்கணும்?"

அவனே உட்கார்ந்து அழித்தான். அறையில் வெலிஸாரைத் தவிர நாங்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் கெரோவ் முதலாளிக்கு எழுதிய ஒரு புகார்த் தாள் கொண்டுவந்தான். வெலிஸார் யாரையும் கேட்காமல் ஷெல்லைக் கழற்றிச் சேவையை முடக்கினார் என்று அதில் இருந்தது. நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. காரணம் பயம், வேறொன்றும் இல்லை.

தாளை வெலிஸாரிடம் நான்தான் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"தேதி தப்பு, யோர்தான்கா" என்றார். "இன்னிக்குப் பதினேழு இல்ல, பதினெட்டு."

பேனாவை எடுத்து அவரே தேதியைத் திருத்தி, தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.