நீலக் கேட்டின் மேல்பாதி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் கொழும்புக்கு வந்து சேர்ந்த இரண்டாவது மாதத்தில் நடந்தது இது. இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்து. சந்தென்று நாம் சொல்வதை அங்கே ஒழுங்கை என்கிறார்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். துணியில் அச்சடிக்கும் டிசைன்களை வரைவது தொழில். கொழும்பில் ஒரு ஆடை நிறுவனம் ஆறு மாதம் பார்க்கலாம் என்று வேலை கொடுத்திருந்தது. அதற்குள், பார்த்ததும் கொழும்பு நினைவுக்கு வருகிற மாதிரி ஒரு வரிசை டிசைன்களை நான் கொடுக்க வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் இரண்டு வாரம் வேலை முடிந்து அறைக்கு வந்தால் அழுகைதான். பிறகு ஒரு சனிக்கிழமை, அழுது அலுத்துப்போய், வெளியே நடக்கக் கிளம்பினேன். அன்றோடு அழுகை நின்றது. அந்த நகரம் அப்படி! ஒவ்வொரு கடைப் பலகையிலும் மூன்று மொழி எழுத்துகள். சிங்களம் உருண்டு திரண்டு நிற்க, பக்கத்தில் நம் தமிழ் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். கொட்டாஞ்சேனையில் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினால் தேவாலயத்தின் மணிக்கூண்டு. பழைய வீடுகளின் கூரை விளிம்பில் மரத்தில் வெட்டிய பூ வேலை, யாரோ பாவாடைக்கு லேஸ் வைத்துத் தைத்தது போல. பஸ்ஸின் உள்கூரையைக்கூட விட்டுவைக்காமல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் இரண்டு முறை இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை வெள்ளவத்தை வீடுகளின் இரும்புக் கேட்டுகள்தான். ஒன்றில் சூரியன், ஒன்றில் வீணை, ஒன்றில் வெறும் கோடுகள். ஒரு வீட்டில் இருப்பது அடுத்த வீட்டில் இல்லை. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிற ரகம். ஒரு நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒரு வீடு என்று எழுதத் தொடங்கினேன். மேலே வீட்டு எண், நடுவில் கேட்டின் படம், கீழே நிறமும் என் குறிப்பும். ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த ஒழுங்கையில் ஒரு வெளிர்நீலக் கேட் இருந்தது. அடுக்கடுக்காக அலைகள். பாதி உயரம் வந்ததும் அலை சட்டென்று தடம் மாறி, வேறொரு தாளத்தில் மேலே ஏறும். அப்படி ஒன்றை நான் எங்குமே பார்த்ததில்லை. அதற்காகவே மூன்று சனிக்கிழமைகள் போனேன்.

மூன்றாவது முறை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சிங்களத்தில் அதட்டியது. எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் ‘ஸ்தூதி’. நன்றி என்று அர்த்தம். பதற்றத்தில் அதையே சொன்னேன். திட்டியவருக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி அவர். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“நீங்கள் ஆர்? எங்கட வீட்டு நம்பரை ஏன் எழுதுறீங்கள்?”

“நான் டிசைனருங்க அக்கா. திருப்பூருங்க. கேட் அழகா இருந்துச்சு, அதான்…”

“கேற்றுக்கு நம்பர் என்னத்துக்கு?”

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்துவிட்டார். “நானும் மூணு கிழமையா பாத்துக்கொண்டுதான் இருக்கேன். இவங்க ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு எழுதுறாங்க. பொலிஸுக்குச் சொல்லுவோமா?” என்று கேட்டார்.

போலீஸ் என்றால் விசா என்ன ஆகும், வேலை என்ன ஆகும்? “நீங்களே பாருங்கக்கா” என்று நோட்டைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த ஒழுங்கை முழுவதும் அதில் வரிசையாக இருந்தது. எண், நிறம், அடையாளம். அவர் கண் படங்களில் நிற்கவே இல்லை, எண்களில்தான் ஓடியது. கோபம் என்று நினைத்திருந்தேன். அது பயம்.

“எண்பத்து மூண்டிலை எனக்குப் பன்ரெண்டு வயசு. அப்ப வந்தவங்களின்ரை கையிலையும் இப்பிடித்தான் ஒரு லிஸ்ட் இருந்தது. வீட்டு நம்பரைப் பாத்துப் பாத்துத்தான் வந்தவங்கள்” என்றார்.

தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த அந்த ஜூலையைப் பற்றி நான் படித்திருக்கிறேன். படித்து என்ன பயன்? அதே தெருவில், கையில் நோட்டோடு, ஒவ்வொரு தமிழ் வீட்டு எண்ணாகக் குறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. “கிழிச்சுப் போட்டுருங்கக்கா. எனக்கு வேண்டாம்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றே தோன்றியது.

அவர் கிழிக்கவில்லை. என் பேனாவை வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு எண்ணையும், அடியில் எதுவும் தெரியாதபடி அடித்துக்கொண்டே வந்தார். படங்களைத் தொடவில்லை. தன் வீட்டுப் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. நான் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். “நடுவில் அலை தடம் மாறுகிறது. துணிச்சலான வடிவமைப்பு.”

அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கேட்டைத் திறந்து என்னை உள்ளே வரச் சொன்னார்.

“இஞ்சை பாருங்கோ” என்று நடு உயரத்தில் இரும்பைப் பற்றவைத்த ஒட்டுகளை விரலால் தொட்டுக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் வண்ணத்தில் மறைந்துவிடும் அவை, உள்பக்கம் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. “மேல்பாதியை முறிச்சு விழுத்திப்போட்டாங்கள். நாங்கள் திரும்பி வரேக்கை, வீடெண்டு மிஞ்சியிருந்தது இந்தக் கீழ்ப்பாதிதான். அப்பா இதை எறிய விடேல்லை. இதுக்கு மேலையே மிச்சத்தைப் போடச் சொன்னவர். ஆனால் வேற ஆள் செய்தபடியால் அலை ஒண்டாய் வரேல்லை. பிழைச்சுப் போச்செண்டு அவர் சாகுமட்டும் கவலைப்பட்டவர். துணிச்சல் எண்டு ஆரும் சொல்லேல்லை.”

நான் அந்த ஒட்டுகளைத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ டிசைன் பார்த்திருக்கிறேன். எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, மிஞ்சிய இரும்பின் மேலேயே மீதியைக் கட்டச் சொன்ன அந்த மனிதரைப் போல ஒரு கலைஞரை நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுக்காரரும் உள்ளே வந்தார். மூவரும் பால் கலக்காத பிளேன் டீ குடித்தோம். கிளம்பும்போது அந்த அக்கா, “கீறுறதெண்டால் கேட்டுட்டுக் கீறுங்கோ, பிள்ளை. ஆரும் மாட்டன் எண்டு சொல்ல மாட்டினம்” என்றார். கீறுவது என்றால் அங்கே வரைவது. அதோடு விடவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் தன் சிநேகிதிக்கு அங்கேயே போன் செய்து, “ஒரு இந்தியப் பிள்ளை வரும், உங்கட வீட்டு மரவேலையைக் காட்டுங்கோ” என்று சொல்லிவைத்தார். அடுத்த மாதத்துக்குள் பதினெட்டு வீடுகளின் கேட்டுகளை உள்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன்.

அவரிடம் சம்மதம் கேட்டுத்தான் அந்த அலையைத் துணிக்கு வரைந்தேன். அலுவலகத்தில், நடுவில் பிசகு இருக்கிறது, நேராக்கிவிடலாம் என்றார்கள். அது நேரானால் எனக்கு இந்த டிசைனே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். பிசகோடுதான் அச்சானது. வேலையும் நிரந்தரமானது. முதலில் வந்த துணியிலிருந்து நான்கு முழம் வெட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினேன். அவர் அதைப் பிரித்து, கேட்டின் மேல் விரித்து, அலையோடு அலையைப் பொருத்திப் பார்த்தார். பிறகு, “அப்பாக்குக் காட்டோணும்” என்று உள்ளே எடுத்துப்போய், சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் வைத்தார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த ஊரில் ஓர் அழகான கேட்டைக் கண்டாலும் இப்போதெல்லாம் நான் முதலில் நோட்டை எடுப்பதில்லை, மணியைத்தான் அடிக்கிறேன். உள்ளே இருப்பவர் வந்து பார்த்து, பயமில்லாமல் சிரித்த பிறகுதான் அந்தக் கேட் என் கண்ணுக்கு முழு அழகோடு தெரிகிறது.