கையெட்டும் தூரத்துக்கு ஒரு தூது

ஈரோட்டில் ரயிலேறியபோது என் பையில் மாற்றுப் புடவை ஒன்று; மீதியெல்லாம் இயேசுவைப் பற்றி அச்சிட்ட கைப்பிரதிகள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியம் இந்த முறை ஆளுக்கோர் ஊரைப் பிரித்துக் கொடுத்திருந்தது. முன்பின் தெரியாதவர்களிடம் தேவனுடைய அன்பைச் சொல்லிவிட்டு வர வேண்டும். நான் தையல் கடைக்காரி. ஒரு ரவிக்கைக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் ஒரு பிரசங்கத்தையும் முடித்துவிடுவேன். அதனால் தைரியமாக, கடல் இருக்கிற ஊராகப் பார்த்து தூத்துக்குடியைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கடற்கரையில் இருப்பவர்கள் யார் என்று நானும் விசாரிக்கவில்லை, ஐக்கியமும் விசாரிக்கவில்லை.

திங்கள், காலை பதினொரு மணி. ஸ்டேஷனிலிருந்து பழைய பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நடந்தே போயிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி கிளம்பியதுமே ஓட்டுநரிடம், இயேசுவைத் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் காலத்துல இருந்தே தெரியும். நீங்க எப்ப சேந்திய?”

எங்கள் தாத்தா காலத்தில் என்றேன். நல்லது, நல்லது என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைத் தட்டிக்கொடுப்பதுபோல் சொன்னார். கடலோரம் நெடுக ஐந்நூறு வருஷமாக நம்ம ஆட்கள்தான், வந்ததுக்கு மணப்பாட்டுக் கோயிலையாவது பார்த்துவிட்டுப் போங்க என்று வழியும் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. ஆறுதலுக்குக் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன், இருநூற்று ஐம்பது ரூபாய்.

மணப்பாட்டுக்குத் திருச்செந்தூர் வழியாகத்தான் பஸ்; அதுவரை நாற்பது கிலோமீட்டர். உப்பளங்களைத் தாண்டியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் முருகன் கோயிலுக்குப் போகிறவர் என்று தெரிந்து எனக்கு உயிர் வந்தது. ஆறுமுகநேரி வரை நான் பேசினேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார், கைப்பிரதியைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தார், எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பிறகு முருகனைப் பற்றி ஆரம்பித்து, இறங்குகிற வரை நிறுத்தவில்லை. கேட்ட கடனுக்கு நானும் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னார்.

பிற்பகல் மூன்று மணி. திருச்செந்தூரில் பஸ் மாறி, பதினெட்டு கிலோமீட்டர் தெற்கே மணப்பாடு. குன்றின்மேல் சிலுவைக் கோயில், கீழே மணலில் வரிசையாக மீன்பிடி வள்ளங்கள். கரையில் ஒரு பெண் தனியாக நின்று கடலைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தாள். பெயர் மெற்றில்டா. புருஷன் கஸ்பார் விடியுமுன் தூண்டில் போடத் தனியாகப் போனவர், நண்பகலுக்குள் திரும்பியிருக்க வேண்டும். போன் எடுக்கவில்லை. காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது.

என் பையைப் பார்த்ததும் நான் எதற்கு வந்தவள் என்று புரிந்துகொண்டாள்.

“ஜெபம் பண்ணுவியளாக்கா? பண்ணுங்க. எனக்கு இப்ப ஏச்சுதான் வருது.”

எனக்கு ஜெபத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவரே, இந்த மனுஷனைக் கொண்டுவந்து விடும் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆமென் என்றவள், அடுத்த மூச்சில் புருஷனை மறுபடி ஏச ஆரம்பித்தாள். மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ஏச்சுக்கு நடுவே அதையும் தின்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம்.

யாரும் தேடப் போகவில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது. ஒரு வள்ளம் திரும்பாவிட்டால், அதைக் கடலில் கடைசியாகப் பார்த்தவன்தான் முதலில் கிளம்ப வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். இடம் அவனுக்குத்தான் தெரியும், மற்ற வள்ளங்கள் அவன் பின்னால் போகும். கஸ்பாரைக் கடைசியாகப் பார்த்தவர் லிகோரி. கஸ்பாரும் லிகோரியும் இரண்டு வருஷமாகப் பேசுவதில்லை. கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்கும்போது முன்கம்பை யார் பிடிப்பது என்று தகராறு. வீட்டுப் பெண்களும் பேசுவதில்லை.

“நான் போய் அவன் வாசல்ல நிக்க மாட்டேன். அந்த உம்மணாமூஞ்சிட்ட நீங்க போய்ச் சொல்லுங்கக்கா” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஓடினேன். லிகோரி தன் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் வாய், பழக்கப்பட்ட இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டது: ஐயா, ஆண்டவர் உங்களை நேசிக்கிறார்.

“இருக்கட்டும். யாரு சொல்லிவிட்டா?”

மெற்றில்டா என்றேன்.

“அவ வாய்தொறந்து கேட்டாளா?”

மூஞ்சி சமாசாரத்தை விட்டுவிட்டு, கேட்டாள், அழுதுகொண்டு கேட்டாள் என்றேன். நல்ல செய்தியை மட்டும் சொல்லத்தானே என்னை அனுப்பியிருக்கிறார்கள். அவர் எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன்: எண்ணெய் நிரப்பிய கேன் வள்ளத்துக்குள் ஏற்கெனவே இருந்தது, வடக்கயிறு சுருட்டி வைத்திருந்தது, குடிதண்ணீர்கூட இருந்தது. மனிதர் மத்தியானத்திலிருந்தே தயாராக உட்கார்ந்து, யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூடவே அழுகையும் வந்தது. அவர் வள்ளம் அலையைத் தாண்டியதும் மற்ற வள்ளங்களும் பின்னால் கிளம்பின.

மாலை ஆறு மணி. வெளிச்சம் மங்கும் நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. முன்னால் லிகோரியின் வள்ளம். பின்னால் கயிற்றில் கஸ்பாரின் வள்ளம், அதற்கும் பின்னால் மற்ற வள்ளங்கள். எஞ்சின் பழுதாகி, கஸ்பார் நீரோட்டத்தில் நெடுந்தூரம் இழுபட்டுப் போயிருக்கிறார். மெற்றில்டா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடியை விடாமலே இரண்டு ஆண்களையும் சேர்த்து ஏசினாள்.

ஆண்கள் இருவரும் கரையேறி, கயிற்றின் இரண்டு முனைகளையும் அவிழ்த்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கஸ்பார் என்னைப் பார்த்தார்.

“யக்கா, அவன்ட்ட சொல்லுங்க. இந்தத் திருநாளைக்கு முன்கம்ப அவனே புடிக்கட்டும்.”

லிகோரி கையெட்டும் தூரத்தில்தான் நின்றார், காதும் நன்றாகவே கேட்கும். ஆனாலும் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். சொன்னேன்.

“முன்கம்புல ரெண்டு பேரு புடிக்க இடம் இருக்குன்னு சொல்லுங்க” என்றார்.

அதையும் சொன்னேன். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். மறுமுனையை லிகோரி விடாமல் பிடித்திருந்தார்.

திருச்செந்தூர் பஸ்ஸுக்காக நின்றபோது கைப்பிரதிகள் பைக்குள் கனத்தன. ஆண்டவரின் அன்பைத் தெரியாதவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்தவள் நான். இங்கே அதை ஐந்நூறு வருஷமாகத் தெரிந்தவர்கள் எண்ணெய் நிரப்பி வைத்துக்கொண்டு, சொல்ல ஓர் ஆள் வராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஈரோட்டிலும் அப்படி எத்தனை வாசல்களோ. பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததும் மெற்றில்டா ஈரப்புடவையோடு ஓடிவந்து, ஒரு பொட்டலம் கருவாட்டை என் மடியில் வைத்தாள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து டீ குடிக்கானுவ, ஆனா இன்னும் வாயத் தொறக்கல. நாளைக்கும் இருந்துட்டுப் போங்கக்கா” என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.