வேட்டியில் ஏறிய எறும்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வள்ளியூரிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தைத் தலையில் சுமந்தே பாளையங்கோட்டை வந்து, நாற்பது வயதுக்குள் சரக்கு அடுக்கி வைக்கச் சொந்தமாகக் கிட்டங்கி கட்டினேன். காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் கிடந்ததில்லை. ஆள் ஏமாற்றுவான், என் உடம்பு என்னை ஏமாற்றாது என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதலில் ஏமாற்றியது அதுதான்.

மூத்த மகளின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கோயிலில் பாதிரியார் முன்னால், சபையார் பார்க்க அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டியவன் நான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்றிருந்தேன். அப்போது பார்த்து, சிறுநீர் சொல்லாமல் கொள்ளாமல் வர ஆரம்பித்தது. கொல்லைக்குப் போக எழுந்து நாலடி வைப்பதற்குள் வேட்டி நனைந்துவிடும். அதற்கு முன்பே அடங்காத தாகம். இடுப்பில் வேட்டியும் தளர்ந்துகொண்டே வந்தது. சித்திரை வெயிலின் சூடு என்று நானே வைத்தியனாகி, செம்பு செம்பாகப் பதநீர் குடித்தேன். குடிக்கக் குடிக்கக் கூடியது.

அவிழ்த்துப் போட்ட வேட்டியில் எறும்பு மொய்த்தது. கருப்பட்டி வியாபாரி வீட்டில் எறும்பு எதில்தான் ஏறாது?

என் கிட்டங்கியில் நான் ஆளாக்கிய மச்சினன் மட்டும் அதைக் கவனித்துவிட்டான்.

"அத்தான், சட்டையில ஒரு எறும்பு இல்ல. வேட்டியில மட்டும் ஏறுது. டாக்டரைப் பாருங்க."

"போலே! சிப்பம் சுமந்த உடம்பு இது. ஒண்ணுக்கு வருதுன்னு டாக்டர்கிட்ட போய் நிக்கவா?"

"பெறவு கல்யாணத்தன்னைக்கு என்ன செய்யுதது?"

"அது என் பாடு. வெளியில மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்."

"நான் ஏன் அத்தான் சொல்லுதேன்?" என்றான்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கையில் சம்பந்தி வந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "அண்ணாச்சி, நீங்க உக்காந்தே இருங்க. பிள்ளைய மச்சினரு கொடுக்கட்டும். எல்லாம் சொன்னாரு."

பின்னால் நின்றவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"சபையில நனைஞ்சா பிள்ளைக்கில்லா கேவலம் அத்தான்?" என்றான்.

அந்தக் கோபத்தோடுதான் நேரே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் சிறுநீரை நீல மருந்தோடு கலந்து சூடு காட்டினார். அது செங்கல் நிறமாக மாறியது. நீரிழிவு என்றார். "தாகம், மெலிவு, எறும்பு, மூணும் வந்து சொல்லியிருக்கு. அடக்க முடியாமப் போன அன்னைக்காவது வந்திருக்கணும். என்ன குடிச்சீர்?"

பதநீர் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

திடமாயிருந்தவனுக்குத் திடீரென்று சிறுநீர் அடங்காமல் போனால் வெட்கப்படாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போய்விட வேண்டும். நான் இரண்டு வாரத்தை வெட்கத்துக்குக் கொடுத்தேன்.

கோயிலில், "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று பாதிரியார் கேட்டபோது மச்சினன் எழுந்து நின்றான். மகள் ஒருமுறை திரும்பி என்னைத் தேடினாள். தொடைக்கிடையில் நாலு முழத் துணியை மடித்து வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒரு சொட்டு நனையவில்லை.

பதநீரையும் கருப்பட்டியையும் விட்டு, சோற்றைக் குறைத்தபின் தாகம் தணிந்தது, அடக்கவும் முடிந்தது. அவன் நல்லதுக்குத்தான் செய்தான் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம். அதன்பிறகு அவன் என்னை அத்தான் என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.