பாதிப் பாட்டில் ஒரு பொன்னாடை

பாலக்காட்டு ஹாலில் என் மகள் பாடப்போகிறாள் என்றதும் ஊரில் எல்லாரும் கேட்டது, என்ன பாட்டு என்பதுதான். பழைய ஜாஸும் பிரேசில் நாட்டுச் சங்கீதமும் கலந்தது என்றேன். கோவிந்தாபுரம் டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாம போயி கையத் தட்டறதுதானுங்க வேலை" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. அவள் பாடுவது போர்ச்சுகீஸ் பாஷை. கொச்சியில் ஆபீஸ் வேலைக்கு நடுவே, போனைக் காதில் வைத்துத் தானாகவே படித்துக்கொண்டாள். அதில் ஒரு சொல் எனக்குப் புரியாது.

அந்தக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் விலகிவிட்டாள். கிளாரினெட் வாசிக்கிற பெரியவர்தான் தலைவர். இந்த ஒரு பரிபாடியில், அதாவது கச்சேரியில், என் மகளைப் பாடவைத்துப் பார்த்து, சரிப்பட்டால் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அவள் என்னிடம் போனில் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "முடியற வரைக்கும் யாரும் மேடைக்கு வரக் கூடாதுங்கப்பா."

நானும் வேனில் ஏறின பதினோரு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். என் சம்சாரத்தின் அண்ணன் மட்டும் மடியில் ஜவுளிக்கடை கவரை வைத்துக்கொண்டு, "முடிஞ்ச உடனே நான்தான் முதல்ல" என்றார். உள்ளே ஜரிகை போட்ட பொன்னாடை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு எந்த மரியாதை என்றாலும் தாய்மாமன் கை முதலில் பட வேண்டும். ஹால்காரர்கள் முந்திக்கொள்வார்களோ என்று ஒரு வாரமாக மனுஷனுக்குத் தூக்கமில்லை.

மேடையில் ஆறு பேர். டிரம்பெட், கிளாரினெட், கிட்டார், ஆள் உயரத்துக்கு பாஸ் என்கிற ஒரு தந்தி வாத்தியம், நம் கஞ்சிரா மாதிரி சலங்கை வைத்த ஒரு தோல் வாத்தியம், நடுவில் என் மகள். முதலில் எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு ஒருவர் வாசிக்க மற்றவர்கள் அடங்கினார்கள். அவர் முடித்ததும் அடுத்தவர். மச்சான் என் காதில், "இது நம்ம வாய்க்கா முறைத்தண்ணி மாதிரியேதானுங்க மாப்ள. ஒருத்தன் காட்டுக்குப் பாயறப்ப மத்தவன் மடையச் சாத்தி வெச்சிருக்கறான்" என்றார். எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. இந்தச் சங்கீதத்தை இவ்வளவு சுருக்கமாக யார் சொல்ல முடியும்? அதன் பிறகு நானும் அப்படியேதான் கேட்டேன்.

அதுதான் வினை. கடைசிப் பாட்டில் டிரம்பெட்டுக்கு முறை வந்து போனது. கிளாரினெட், கிட்டார், பாஸ், தோல் வாத்தியம் எல்லாம் ஆயிற்று. கடைசியில் என் மகள், கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்குப் பக்கத்தில் வருகிற குரலில் நாலு வரி பாடி நிறுத்தினாள். ஹாலே அமைதி.

"முடிஞ்சுதுங்களா மாப்ள?"

எல்லார் முறையும் தீர்ந்துவிட்டதே. நான் தலையாட்டினேன். நான்தான் ஆட்டினேன்.

கவர் சரசரத்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். அப்போதுதான் பாஸ்காரரின் விரல் இன்னும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். மெதுவாக, ஆனால் விடாமல். முறை சுற்றி முடிந்தால் எல்லாரும் மறுபடி அந்தப் பாட்டின் ஆரம்பத்துக்கே வந்து சேருவார்களாம். முந்தின பாட்டுகளில் இப்படி நடுவே நிறுத்தவில்லை, எனக்கு எங்கே தெரியும்? மச்சான் அதற்குள் மேடையின் மூன்றாம் படியில் இருந்தார். கூப்பிட்டால் என் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். எழுந்து ஓடினால் நானும் மேடையில் நிற்பேன். சம்சாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வாயைத் திறக்கும் நேரம் பொன்னாடை தோளில் விழுந்தது. ஓரம் மைக்கில் பட்டு, ஸ்பீக்கரில் கூரை இடிந்த மாதிரி ஒரு சத்தம். நம் ஆட்கள் கை தட்டினார்கள். மச்சான் கும்பிட்டுவிட்டு, வந்த கையோடு கிளாரினெட்காரரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். அவரால் வாசிக்க முடியவில்லை. மற்றவர்கள் விடாமல் இன்னொரு சுற்று வந்து அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் ஒரு முறை தவறவிட்டாள். அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டாள். ஆனால் குரல் மாறிப்போயிருந்தது. தாலுக்காபீஸில் கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல்.

பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து தட்டினார்கள். பெரியவர் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த நாளில் வாசலில் நின்றபடி சிரிப்பது.

வேனுக்குப் பக்கத்தில் மச்சான் அவள் தலையைத் தடவி, "பாத்தியா அம்மிணி, ஒருத்தனையும் முந்த உடலையே" என்றார். "நல்லா இருந்துச்சுங்க மாமா" என்றாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் சொன்னாள். "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கப்பா."

சில நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொன்னாடையாலா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, இன்னும் கொஞ்சம் பழக வேண்டும் என்று சொன்னார்கள் என்றாள். நிஜமா, எனக்காகச் சொன்னதா, இன்றுவரை தெரியவில்லை. மறுபடி கேட்கவும் வாய் வரவில்லை. தலையாட்டினது நான் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை.

மச்சான் வாரம் தவறாமல் தோட்டத்துக்கு வருகிறார். "எப்பங்க மாப்ள, அம்மிணிக்கு பிளைட்டு?" ஏர்போர்ட்டில் போர்த்துவதற்கு இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறாராம். போன தடவையதைவிட ஜரிகை அகலமாம்.

"சொல்றனுங்க மச்சான்" என்கிறேன். அவருக்கு டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுக்கிறேன்.