கான்ஸ்டபிள் டப்பன் சுவர் ஏறிய கதை

ஜொசையா டப்பன் எங்கள் ஹோவ் நகரத்தில் இருபத்திரண்டு வருஷம் கான்ஸ்டபிளாக இருந்தவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய விறைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் என் சவரக்கடைக்கு அணிவகுப்பில் வருகிற மாதிரிதான் வருவார்.

அப்போது பெல்லிங் என்ற போட்டோக்காரர் தன் தோட்டத்தில் சலனப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். சாசேஜ் என்ற இறைச்சிக் குழல்களைத் திருடுகிறவனாக நான். போலீஸ்காரனாக வந்த பால்காரனுக்கு நடையே சரியில்லை. சொல்லிக்கொடுக்க டப்பனை அழைத்தோம்.

"இது என்ன நடை? வாத்து மாதிரி! தள்ளுப்பா," என்று பால்காரனின் தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்.

நான் சாசேஜ் சரத்தோடு ஓடினேன். நடந்து காட்டவேண்டிய மனுஷன் துரத்தவே ஆரம்பித்துவிட்டார். "நில்லுடா! சட்டத்தின் பேரால சொல்றேன், நில்லு!"

பயத்தில் நிஜமாகவே சுவர் ஏறிக் குதித்தேன். அவரும் ஏறினார். கால்சட்டை ஆணியில் மாட்டியது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே விசில் ஊதினார். துணி கிழிந்து, சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்தார். பெல்லிங் கேமராவின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவே இல்லை.

"இதையும் படம் பிடிச்சுட்டீங்களா?" என்றார் டப்பன், வெள்ளை மீசையோடு.

"முழுசா," என்றார் பெல்லிங்.

"எரிச்சுடுங்க!"

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. எதிர்க்கடையில் சவரம் செய்துகொண்டார்.

செப்டம்பரில் படம் கடற்கரைக் கொட்டகைக்கு வந்தது. பாதிரியார் சொற்பொழிவு என்று பொய் சொல்லி, டப்பனின் மனைவி மின்னி அவரை முன்வரிசையில் உட்காரவைத்தாள். நான் பின்னால் பதுங்கியிருந்தேன். திரையில் அவர் தொங்கியதும் சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"உட்காருங்க!" மின்னி விலாவைப் பிடித்துக்கொண்டு திணறினாள். "முப்பது வருஷமா உங்களைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன். ஒருநாளாவது இப்படிச் சிரிக்க வச்சிருக்கீங்களா?"

அவர் அவளையே பார்த்தார். அதற்குள் மீன்காரி ஒருத்தி கத்தினாள்: "அடியாத்தி, அந்த மீசை இங்கேதான் இருக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். டப்பன் திரும்பி நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சிரிப்பு இரண்டு மடங்கானது.

மறுநாள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ஏம்பா, அடுத்த படம் எப்போ? கொஞ்சம் உசரமான சுவரா பாருங்க."

ஒன்பது படம் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் விழுந்தார். குளிர் வந்தால் இடது முட்டி வீங்கிக்கொள்ளும். மின்னி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள், எங்கே எப்படி விழுந்தார் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தபடி.