ஆளுக்கொரு காது

பாஞ்சாலிக்கும் குமரேசனுக்கும் நாலைந்து வருடமாக ஒரு வழக்கு தீராமல் இருந்தது. இருவருக்கும் உயிரான ஒரு பழைய காதல் பாட்டு. பல்லவி முடிந்ததும் அதில் ஒரு புல்லாங்குழல் வந்து குழைந்துவிட்டுப் போகிறது என்பார் குமரேசன். குழலுமில்லை ஒரு மண்ணுமில்லை, அங்கே வருவது வீணை என்பாள் பாஞ்சாலி. வீணையா, எங்கே என்று அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு தடவை இதனால் ராத்திரிக் குழம்பில் காரம் ஏறியிருக்கிறது.

குமரேசன் அவளுடைய அத்தை மகன். அதனால் அவள் அவரை இன்றைக்கும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவர் சீட்டுக்கு வலப்பக்கம் சன்னல். எதிரில் வந்த லாரிகள் அடித்த ஹாரனெல்லாம் அந்தச் சன்னல் வழியாக நுழைந்து அவருடைய வலது காதைத் தீர்த்துக் கட்டிவிட்டன. பாஞ்சாலி ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அவள் நின்ற இடத்தில் மற்ற தறிகளெல்லாம் இடப்பக்கம் ஓடின. அவளுக்குப் போனது இடது காது.

வேலையை விட்டபிறகு பாட்டுக் கேட்பதுதான் இருவருக்கும் பொழுது. போனில் சத்தமாக வைத்தால் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கும். ஆகவே பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு வயர் இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவருடைய இடப்பக்கத்தில் அவள் உட்காருவாள். இடது பொத்தான் அவருடைய நல்ல காதில், வலது பொத்தான் அவளுடைய நல்ல காதில். கச்சிதமாகப் பொருந்தியது. யாருக்கும் குறையில்லை, அந்தக் குழலைத் தவிர.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் தமிழ்செல்வி, அவர்களின் கல்யாண நாளுக்கு உயர்ந்த ரகமாக ஒரு ஹெட்போன் வாங்கித் தருவதாகச் சொன்னபோது குமரேசன் துள்ளிவிட்டார். ரயிலில் ஒருவன் காதை முழுக்க மூடுகிற மாதிரி, பஞ்சு மெத்தை வைத்த ஒன்றை மாட்டியிருந்ததைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஒரு கண். தங்களுக்குச் சரியாகக் கேட்காததற்குக் காரணம் காதல்ல, கருவிதான் என்பது அவர் கட்சி. பாஞ்சாலி ஒப்பவில்லை.

"கேக்குற காதே ஆளுக்கு ஒண்ணுதான் கீது பாவா. அதுக்கு இம்மாம் பெரிய மிஷின் இன்னாத்துக்கு?"

மகள் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்னாள். முதலில் இருவரும் போய்க் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வாங்குவதா வேண்டாமா என்கிற பேச்சு.

திருத்தணியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் பிரேமா என்கிற பெண் காது கேட்கும் திறனைச் சோதித்து வந்தாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, உள்ளே ஒரு நாற்காலி. மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். குமரேசன் முதலில் போனார். கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று பாஞ்சாலி பார்த்தாள். அவர் கை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஸ்டியரிங் பிடித்த கை, வஞ்சனையில்லாமல் வேலை செய்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிரேமா கதவைத் திறந்து, இன்னும் தான் எந்த ஒலியையும் போடவே இல்லை என்று மரியாதையாகச் சொன்னாள். பாஞ்சாலி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை அவர் ஒழுங்காக உட்கார்ந்தார். அப்புறம் பாஞ்சாலி. முடிவில் பிரேமா இரண்டு தாள்களை மேசைமேல் விரித்தாள். தெரிந்த சங்கதிதான். அவருக்கு வலது மோசம், அவளுக்கு இடது மோசம். நல்ல காதுகளிலும் மிக மெல்லிய கீச்சுச் சத்தங்கள் வயதோடு விடைபெற்றுவிட்டன. பாஞ்சாலி சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"பெரிய ஹெட்போனு வாங்கினா இதெல்லாம் திரும்பக் கேக்குமாங்க?"

"கேக்காதும்மா. எவ்ளோ ஒசந்ததா வாங்கினாலும் போன சத்தம் வராது. காதுல நல்லா உக்கார்ற மாதிரி ஒண்ணு இருந்தா போதும், சத்தத்தைக் கொறச்சி வெச்சுக் கேக்கலாம். மீதிக் காது பத்திரமா இருக்கும்."

பாஞ்சாலி ஜெயித்த முகத்தோடு திரும்பினாள். குமரேசன் முகம் பெட்ரோல் தீர்ந்த வண்டியைப்போல நின்றுவிட்டிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது அவளுக்கு.

இப்போது எப்படிப் பாட்டுக் கேட்கிறீர்கள் என்று பிரேமா விசாரித்தாள். பாஞ்சாலி பையிலிருந்து இயர்போனை எடுத்து, நாற்காலியை அவருக்கு இடப்பக்கம் நகர்த்திப் போட்டு, ஆளுக்கொரு பொத்தானாக மாட்டிக் காட்டினாள். பிரேமா ஒரு நிமிடம் அந்த வயரையே பார்த்தாள். பிறகு விளக்கினாள். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் சில வாத்தியங்களை இடப்பக்கத்தில் மட்டும் வைப்பார்கள், சிலவற்றை வலப்பக்கத்தில் மட்டும். இரண்டு காதும் கேட்டால்தான் முழுப் பாட்டு. இத்தனை நாளும் ஐயா ஒரு பாதியைக் கேட்டிருக்கிறார், அம்மா மறு பாதியை.

அவள் போனை வாங்கி, எங்கோ உள்ளே போய் ஒன்றை அழுத்தினாள். இனி இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகக் கலந்து இரண்டு பொத்தானிலும் வரும் என்றாள். பாஞ்சாலி அந்தப் பாட்டைப் போட்டாள்.

பல்லவி முடிந்தது. வீணை வந்தது. அதன் தோளைத் தொட்டுக்கொண்டு, ஐயோ, எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் வளைந்து வளைந்து இறங்கியது. பாஞ்சாலிக்குக் கை மயிர் சிலிர்த்தது. நாலைந்து வருடமாக இது பக்கத்து ஆளின் காதில், ஒரு சாண் தூரத்தில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் குமரேசனைப் பார்த்தாள். அவர் வாயைப் பிளந்திருந்தார்.

"வீணை கீது பாஞ்சாலி," என்றார் மெதுவாக.

"ஆங். கொழலும் கீது பாவா."

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அவருக்கும் தொற்றியது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் தொடங்கினார். காத்திருந்த ஒரு பெரியவர், காதுப் பரிசோதனையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாப் பாட்டையும் இனி முதலிலிருந்து கேட்க வேண்டுமே என்று தோன்றியதும் பாஞ்சாலிக்குத் தலை கிறுகிறுத்தது. தெரிந்த பாட்டெல்லாம் பாதிப் பாட்டு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புதுப் பாட்டு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

படியிறங்கும்போது குமரேசன், சரி, ஹெட்போன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள்தான், காதில் நன்றாக உட்காருகிற மாதிரி ஒன்றைப் பார்க்கலாம் என்று அவர் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இழுத்தாள்.

அன்றைக்குக் கிருத்திகை. பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். அதற்கு எதிரில் கனிமொழி என்கிற பெண்ணின் செல்போன் கடை. எதை வாங்குவது என்று கனிமொழி அவசரப்படுத்தவில்லை. கடையிலேயே உயர்ந்த ஹெட்போனையும் நடுத்தரமான ஒன்றையும் எடுத்து வைத்து, போட்டுப் பார்க்கச் சொன்னாள். குமரேசன் ஆசைப்பட்ட அந்த மெத்தை வைத்த பெரியதை மாட்டிக்கொண்டார். வெளியில் அடித்த ஹாரன், மேளம், கண்டக்டர்களின் கூவல் எல்லாம் அவருக்கு அற்றுப் போயிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பாஞ்சாலி, நீ சிரிச்சா இன்னிக்கும் அப்படியே பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இருந்த மாதிரியே கீறே."

மொட்டைத் தலைகளெல்லாம் ஒன்றாகத் திரும்பின. பாஞ்சாலி முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடையின் கவர் அட்டைகளைப் படிக்கத் தொடங்கினாள். முப்பத்துநாலு வருடத்தில் அவர் இதைக் காதோடு காதாகக்கூடச் சொன்னதில்லை. இப்போது ஊருக்கே சொல்லிவிட்டார். அவளுக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது, கேட்காத காதும் சேர்ந்து.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். கனிமொழி எது எது என்று சொல்லாமல் மாட்டிவிட்டாள். மூன்று தடவையும் பாஞ்சாலி நடுத்தரமானதைத்தான் நல்லது என்றாள். குமரேசனுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. கனிமொழி தானும் போட்டுக் கேட்டு, தன் காதுக்கு உயர்ந்ததில் ஏதோ பளிச்சென்று கூடுதலாக இருக்கிறது என்றாள்.

"அந்தப் பளிச்சு எங்க ரெண்டு பேருக்குமே எட்டாதுமா. எட்டாததுக்கு எதுக்கு ஆசப்படணும்? நடுவுல கீறதையே ரெண்டா குடு," என்றாள் பாஞ்சாலி.

மெத்தை இதிலும் இருந்தது. குமரேசன் அதைத் தடவிப் பார்த்துச் சமாதானமாகிவிட்டார். ஒரு போனிலிருந்து இரண்டு பேர் கேட்க வசதியாக, இரட்டைத் துளை வைத்த ஒரு குட்டி வயரையும் கனிமொழி தேடி எடுத்துத் தந்தாள்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதுமே இருவரும் மாட்டிக்கொண்டார்கள். போன் அவள் மடியில். சத்தம் பாதிக்கும் கீழே. ஒரு பாட்டில் தபேலாவுக்குப் பின்னால் யாரோ கொலுசு குலுக்குவதை அவர் கண்டுபிடித்தார். இன்னொரு பாட்டின் கடைசியில் அந்தப் பாடகி லேசாகச் சிரிப்பது அவளுக்குக் கேட்டது. அதை மூன்று தடவை போட்டார்கள். அவர் விரலால் அவள் முழங்காலில் தாளம் போட்டார். அவள் தடுக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது பஸ் கே.ஜி.கண்டிகையில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ பின்னால் போய்விட்டது. இதே தடத்தில் பத்து வருடம் பஸ் ஓட்டியவர் தன் நிறுத்தத்தையே விட்டுவிட்டார். கண்டக்டர் பழைய ஆள், இரண்டு தடவை கூப்பிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. வெயில் தணிந்திருந்தது, நடந்துவிடலாம் என்றாள் பாஞ்சாலி. ஹெட்போனைக் கழற்ற இருவருக்குமே மனம் வரவில்லை. குட்டி வயர் நீளம் போதாததால் ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. அவர் எட்டி வைத்தால் அவள் தலை இழுபட்டது, அவள் நின்றால் அவர் நின்றார். நாலடி தடுமாறினார்கள். அப்புறம் அவர் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார், கால்கள் சேர்ந்துகொண்டன.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. நல்ல சத்தம்தான். ஓரம் ஒதுங்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.