ஏழாவது டம்ளரில் பால்

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புதுப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கடலை ஒட்டி ஒரு சவுக்குத் தோப்பு. நடந்தது அங்கேதான், பட்டப்பகலில். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி பேசிவிட்டுப் போகிற ரகம் நான். அதனாலேயே இதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

என் ஆராய்ச்சி ரோவ் வண்டுகளைப் பற்றியது. பார்த்தால் வண்டு என்றே சொல்லமாட்டீர்கள். எறும்பை இழுத்து நீட்டிய மாதிரி உடம்பு, முதுகில் பாதியிலேயே நின்றுவிட்ட குட்டைச் சிறகு, தொட்டால் தேள் போல வாலைத் தூக்கும். பிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிட்டால், ஊர்ந்து வருவது உள்ளே விழும். வழுவழுப்பில் ஏற முடியாது. அளவு நாடா பிடித்து, பத்தடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு டம்ளர் புதைத்தேன். புதன், சனி மதியம் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன்.

முதல் சனிக்கிழமை, ஏழாவது டம்ளரில் முக்கால்வாசி பால் இருந்தது.

மற்றதில் எல்லாம் எறும்பு, மணல், ஒரு குட்டி நண்டு. எவனோ வேலை வெட்டி இல்லாமல் விளையாடுகிறான் என்று தோப்பைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். பதிலுக்குக் காற்றுதான் உஸ்ஸென்றது. பாலைக் கொட்டப் போனபோது அதில் ஒரு வண்டு மிதந்தது. கருப்பு, வயிறு மட்டும் துருச் சிவப்பு. என்னிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

என் நெறியாளர் லென்ஸில் பார்த்துவிட்டு, "புதுசுதாம்மா. ஆனா இது பொண்ணு. ஆண் கிடைக்காம எழுதினா எவனும் ஒத்துக்கமாட்டான்" என்றார். இந்த வண்டுகளை இனம் பிரித்துச் சொல்ல, ஆணின் வயிற்று நுனிக்குள் இருக்கும் உறுப்பைப் பார்த்தாக வேண்டும். ஓர் ஆண் கிடைத்தால் புது இனம்; இல்லையென்றால் என் மூன்று வருஷ உழைப்பு அம்போ.

அடுத்தடுத்துப் போனபோதும் ஏழாவதில் மட்டும் பால். திரியாத, புதுப் பால். சவுக்குச் சருகில் காலடி பதியாது. ஆள் வந்த சுவடே இல்லை. அந்த வண்டும் அதில் மட்டும்தான் விழுந்தது, எல்லாம் பெண். நானும் கெட்டிக்காரத்தனமாக அந்த டம்ளரைப் பிடுங்கி ஐந்தடி தள்ளிப் புதைத்தேன். சனிக்கிழமை போனால் டம்ளர் காலி. பழைய குழி இருந்த வெறும் மண்ணில் வெள்ளையாக ஈரம், அதைச் சுற்றி எறும்பு. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பட்டப்பகல். பயந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆசை விடவில்லை. டம்ளரைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த புதன் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். பதினோரு மணி இருக்கும். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பக்கத்து மீனவக் குப்பம். மற்ற டம்ளர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஏழாவதுக்குப் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாலை ஊற்றினாள். ஊற்றிவிட்டு மண்ணை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். அது தூங்கவைக்கிற தட்டு. எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது.

கிட்டே போனேன். அவள் பதறவில்லை.

"எம் புள்ள இங்க கீதும்மா," என்றாள். "பதினோரு நாள்தான் இருந்துச்சு. அடையாளம் ஒண்ணும் வெக்கல, எனுக்கும் எங்க வூட்டுக்காரருக்கும் மட்டும்தான் எடம் தெரியும். ஒரு நாளு வந்து பாக்குறேன், சரியா தலமாட்டுல டம்ளர் கீது. பால் கேக்குதுன்னு தெனம் எடுத்தாந்து ஊத்திகினு வரேன். நடுவுல ஒரு வாட்டி டம்ளர காணோம். கோச்சிகிச்சுன்னு அழுதுட்டேன்."

டம்ளரை எட்டிப் பார்த்தேன். பாலில் ஒரு வண்டு வாலைத் தூக்கித் தூக்கி நீந்திக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், என் கை பையிலிருந்த பிடித்த பூச்சியைப் போடுகிற ஸ்பிரிட் குப்பியை எடுத்தேவிட்டது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"அந்த டம்ளர வெச்சது நான்தாம்மா," என்றேன். "பூச்சி பிடிக்க வெச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு."

திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அவள் எழுந்து, தோப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"இவ்ளோ பெரிய தோப்பு. இங்க வெக்கச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?"

அளவு நாடா என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் வண்டைக் காட்டி, "இதுக்கு இன்னா பேரு?" என்றாள்.

"இனிமேதான் வைக்கணும்."

என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். "எம் புள்ளைக்கும் வெக்கல. பேரு வெக்கறதுக்குள்ள போயிடுச்சு. நீ எடுத்துகினு போனா இது இருக்குமா?"

இருக்கும் என்று ஒரு பொய் நுனிநாக்கு வரை வந்தது. முழுங்கிவிட்டேன். "உயிர் இருக்காதும்மா. ஆனா பேரு வெச்சு, பெட்டியில பத்திரமா வெப்பாங்க. நூறு வருஷம் ஆனாலும் தூக்கிப் போடமாட்டாங்க."

அவள் ஒரு சவுக்குக் குச்சியை விட்டு வண்டை ஏற்றி, என் குப்பிக்குள் தானே தட்டினாள். "எடுத்துகினு போ. டம்ளர உட்டுட்டு போ. இனிமே இங்க நோண்டாத."

மற்ற பதினோரு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. மறுநாள் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். ஆண்.

கட்டுரை வெளிவந்தது. அந்தக் கரையின் பெயரையே வண்டுக்கு வைத்தேன். எதை வைத்துப் பிடித்தேன் என்ற இடத்தில் பால் என்று உண்மையையே எழுதினேன். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் அதே கரையில் பால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றுகூட விழவில்லையாம். சரியான இடம் எது என்று கேட்டு எழுதினார்கள். நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

இன்றைக்கும் எங்கேயாவது டம்ளர் புதைக்கக் குனியும்போது, அந்தப் பெண் கேட்டதை நானே என்னிடம் ஒரு முறை கேட்டுக்கொண்டுதான் மண்ணைத் தொடுகிறேன். அன்றைக்கு அங்கே வைக்கச் சொன்னது யார் என்பதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.